ஏப்ரல் 1-க்கும் சித்திரை 1-க்கும் நடுவே 13 நாட்கள்

(ஒரத்தநாட்டிலிருந்து ஒரு மளிகை மொத்த வணிகர் எழுதுவது)



நம் கடைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு புத்தாண்டு. சட்டப்படி வருவது ஏப்ரல் 1. வழக்கப்படி வருவது சித்திரை 1. சித்திரை முதல் நாள் பெரும்பாலும் ஏப்ரல் 14-ல் பிறக்கிறது. ஆகவே இரண்டுக்கும் நடுவே 13 நாட்கள் கிடக்கின்றன.

இந்த 13 நாட்களை நாம் எப்படிக் கழிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். மார்ச் 31 இரவு வரை கம்பெனி டார்கெட், வங்கி, ஆடிட்டர் என்று ஓடுகிறோம். ஏப்ரல் முதல் வாரத்தில் புது ஸ்கீம் என்று விற்பனைப் பிரதிநிதி வந்து நிற்கிறார். புளி வரத்து, மிளகாய் வரத்து என்று தரகர் போன் செய்கிறார். மூச்சு விடுவதற்குள் சித்திரை பிறந்துவிடுகிறது. புதுப் பேரேட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, கோவிலில் வைத்து எடுத்து வருகிறோம். பிறகு பழைய நிலுவையை அப்படியே தூக்கிப் புதுப் பேரேட்டில் ஏற்றிவிட்டு மறுபடியும் ஓடத் தொடங்குகிறோம். பேரேடு புதிது, உள்ளே இருக்கும் கணக்கு பழையது. இதைப் புதுக் கணக்கு என்று எப்படிச் சொல்வது?

இந்த 13 நாட்களைப் புதிய கொள்முதலுக்கும் புதிய திட்டங்களுக்கும் கொடுக்காமல், போன ஆண்டை நிதானமாகப் படிப்பதற்குக் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. ஏன் என்பதையும், எப்படி என்பதையும் பார்ப்போம்.

இரண்டு தேதிகள் வந்த விதம்

ஏப்ரல் 1-ல் கணக்கு ஆண்டு தொடங்கும் முறை 1867-ல் ஆங்கிலேய அரசு கொண்டு வந்தது. அதற்கு முன் அரசாங்கக் கணக்கு மே 1-ல் தொடங்கி ஏப்ரல் 30-ல் முடிந்தது. தங்கள் நாட்டு அரசுக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மாற்றினார்கள். அதுவே வருமான வரிக்கும் விற்பனை வரிக்கும் ஆண்டாயிற்று. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் அந்த ஆண்டே நிலைத்தது. ஒரு நிதியாண்டுக்குள் ஒரு பில் எண் இரண்டு முறை வரக்கூடாது என்பது விதி. அதனால்தான் ஏப்ரல் 1 அன்று நாம் எல்லோரும் 1-ஆம் எண்ணிலிருந்து பில் போடத் தொடங்குகிறோம்.

நம் தாலுகா அலுவலகத்திலோ ஆண்டு வேறு. அங்கே பசலி ஆண்டு. ஜூலை 1-ல் தொடங்கும். அதற்கு முன் கோடையில் ஜமாபந்தி நடத்தி, கிராமக் கணக்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தணிக்கை செய்கிறார்கள். பழைய கணக்கைப் பார்த்து முடித்த பிறகே புதிய பசலி. இந்த ஒழுங்கை நாம் கவனிக்க வேண்டும்.

சித்திரை 1 என்பது சூரியன் மேஷ ராசியில் நுழையும் நாள். இது குறித்து அரசியல் விவாதமும் நடந்தது. 2008-ல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது; 2011-ல் அச்சட்டம் நீக்கப்பட்டது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. அந்த ஆண்டுகளிலும் நான் புதுக் கணக்கைச் சித்திரையில்தான் போட்டேன். அதற்குக் காரணம் பஞ்சாங்கம் மட்டும் அன்று, நம் மண்ணும் கூட.

சித்திரை நமக்கு ஏன் பொருந்துகிறது?

நம் வியாபாரத்தின் உண்மையான காலண்டர் மேட்டூர் அணை. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது நெடுநாள் வழக்கம். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது, கல்லணைக் கால்வாயும் வந்து நம் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குப் பாசனம் கிடைத்தது. அன்று முதல் தண்ணீர் வரும் தேதியே நம் கடைவீதியின் கடன் தேதி.

ஆனி, ஆடியில் விதை, உழவு, நடவு என்று விவசாயி செலவு செய்கிறார். கடையில் பற்று ஏறுகிறது. புரட்டாசி, ஐப்பசியில் தீபாவளி வந்து இன்னும் ஏறுகிறது. தையில் சம்பா அறுவடை தொடங்குகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு மாசி, பங்குனிக்குள் பணம் வங்கிக்கு வருகிறது. கடையில் பற்று இறங்குகிறது. சம்பா அறுவடைக்கு முன்பே வயலில் தெளித்த உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரையில் வீடு வந்து சேர்கின்றன. நெல் பணத்தில் தீராத நிலுவையை உளுந்துப் பணத்தில் தீர்ப்பவர்கள் நம் பகுதியில் ஏராளம்.

ஆக, சித்திரை பிறக்கும்போது யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை, ஏன் கொடுக்கவில்லை என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது. அடுத்த செலவு தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வயல் காய்ந்து ஓய்வெடுக்கிறது. கணக்கைப் புரட்டுவதற்கு இதைவிட நல்ல காலம் நமக்கு ஆண்டில் வேறு கிடையாது.

விவசாயிகள் இதை நமக்கு முன்பே அறிந்திருக்கிறார்கள். சித்திரை முதல் நாளிலோ அம்மாதத்தில் நல்ல நாள் பார்த்தோ நல்லேர் பூட்டுவது டெல்டா வழக்கம். மாட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஏரைப் பூட்டி, சில சுற்று மட்டும் உழுவார்கள். பிறகு மாட்டை அவிழ்த்துவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். இப்போது பல ஊரில் மாட்டுக்குப் பதில் டிராக்டர் நிற்கிறது. அதுவும் சில சுற்றுதான் ஓடும். அன்றே முழு வயலையும் உழுது முடிக்க வேண்டும் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆண்டைத் தொடங்குவது வேறு, ஆண்டின் வேலையில் இறங்குவது வேறு என்ற தெளிவு அவர்களுக்கு இருக்கிறது.

மற்ற ஊர் வணிகர்கள் என்ன செய்கிறார்கள்?

வியாபாரத்தில் குஜராத்திகளின் வேகத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவர்கள் தீபாவளியன்று கணக்குப் புத்தகத்துக்குப் பூஜை செய்கிறார்கள். மறுநாள் அவர்களுக்குப் புத்தாண்டு. ஆனால் அன்றே கடையைத் திறந்து பரபரப்பாக வியாபாரம் செய்வதில்லை. குஜராத்தில் பல கடைகளும் சந்தைகளும் ஐந்தாம் நாளான லாப பஞ்சமி வரை மூடியிருக்கும். லாப பஞ்சமி அன்றுதான் ஆண்டின் வியாபாரத்தைத் தொடங்குகிறார்கள். பெயரிலேயே லாபம் இருக்கிறது. காத்திருந்த பிறகு வரும் லாபம்.

மும்பை பங்குச் சந்தையில் 1957 முதல் தீபாவளியன்று முகூர்த்த வர்த்தகம் நடந்து வருகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். நம் நல்லேர் போன்றதுதான் இதுவும்.

வங்காளத்தில் புத்தாண்டு நம் சித்திரையை ஒட்டியே வருகிறது. அன்று வணிகர்கள் 'ஹால்கத்தா' என்ற பெயரில் புதுக் கணக்குத் திறக்கிறார்கள். வாடிக்கையாளர்களைக் கடைக்கு அழைத்து இனிப்பும் காலண்டரும் கொடுக்கிறார்கள். வருகிறவர்கள் பழைய பாக்கியைத் தீர்த்தோ, முடிந்ததைக் கட்டியோ கணக்கைப் புதுப்பித்துக்கொள்கிறார்கள். பாக்கி கேட்பதை ஒரு மரியாதையான விழாவாக மாற்றியிருக்கிறார்கள். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் முகம் கொடுத்துப் பேச ஆண்டுக்கு ஒரு நாள் இருக்கிறது.

இந்தோனேசியாவின் பாலித் தீவில் சக ஆண்டுப் பிறப்பு 'நியேபி' எனப்படுகிறது. அன்று 24 மணி நேரம் கடை இல்லை, வண்டி இல்லை, விளக்கு இல்லை. விமான நிலையமும் மூடப்படுகிறது. சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஒரு தீவே புத்தாண்டு அன்று ஒரு முழு நாள் சும்மா இருக்கிறது என்றால், நாம் 13 நாட்கள் சற்று நிதானமாக நடப்பது பெரிய காரியம் அன்று.

இது நிற்க. நிதானம் என்றால் கடையைப் பூட்டிவிட்டு உட்காருவது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மளிகைக் கடையைப் பூட்ட முடியாது. கடை நடந்துகொண்டே இருக்கும். முதலாளியின் கவனம் மட்டும் கல்லாவிலிருந்து சற்று விலகிக் கணக்கின் பக்கம் திரும்ப வேண்டும். அதற்கான வேலைமுறையைக் கீழே தருகிறேன். அவரவர் கடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

முதல் 3 நாட்கள்: சரக்கு இருப்பு

வருமான வரிக் கணக்குக்கு மார்ச் 31-ஆம் தேதி இருப்பு வேண்டும். பலரும் உத்தேசமாக ஒரு தொகையை ஆடிட்டரிடம் சொல்லிவிடுகிறோம். அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அன்று இரவு எண்ண முடியாவிட்டால் ஏப்ரல் 3-க்குள் எண்ணி, பின்னோக்கிக் கணக்கிடலாம். உதாரணமாக, ஏப்ரல் 3 மாலை துவரம் பருப்பு 22 மூட்டை இருக்கிறது. இடையில் விற்றது 6, வாங்கியது 4. அப்படியானால் மார்ச் 31 இருப்பு 22 + 6 - 4 = 24 மூட்டை. விலை போடும்போது அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைப் போட வேண்டும்.

எண்ணும்போது மூட்டையை நகர்த்தி எண்ண வேண்டும். அடியில் இருப்பது எத்தனை மாதமாக இருக்கிறது, வண்டு விழுந்திருக்கிறதா, பாக்கெட்டில் காலாவதித் தேதி என்ன என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். விற்காத சரக்கைத் தனியே ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே "இதை ஏன் வாங்கினேன்?" என்று ஒரு வரி எழுதுங்கள். "மார்ச் மாத ஸ்கீம்" என்ற பதில் எத்தனை முறை வருகிறது என்று பார்த்தாலே அடுத்த ஆண்டுக்கு வழி தெரிந்துவிடும்.

கெட்டுப்போன சரக்கை அழித்துக் கணக்கில் கழிக்கும்போது, அதற்கு எடுத்திருந்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்பதையும் மறந்துவிடலாகாது.

அடுத்த 4 நாட்கள்: வர வேண்டிய பாக்கி

இதுதான் முக்கியமான பகுதி. பேரேட்டில் எல்லாம் ஒரே நிலுவையாகத் தெரியும். உண்மையில் அது மூன்று வகை. கொடுக்கப் போகிறவர்கள், கொடுக்க முடியாதவர்கள், கொடுக்க மனமில்லாதவர்கள். மூவரையும் ஒரே மாதிரி நடத்தினால் முதலாமவர் மனம் கசப்பார். இரண்டாமவர் நம் கடை வாசலையே தவிர்ப்பார். மூன்றாமவர் நிம்மதியாக இருப்பார்.

கொடுக்க முடியாதவர் யார் என்று அறிய, அந்த ஆண்டில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது நம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. தென்னை மீண்டும் காய்க்க ஆண்டுகள் ஆகும். அந்தக் குடும்பத்திடம் அடுத்த தையில் பாக்கியைக் கேட்டு என்ன பயன்? 2022-ல் மேட்டூர் மே 24-லேயே திறந்தது. 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தது. ஆற்றுத் தண்ணீரை நம்பிக் குறுவை போடுகிறவர்களுக்கு அந்த ஆண்டு கஷ்டமான ஆண்டு. பேரேட்டில் இதெல்லாம் எழுதியிருக்காது. பேரேட்டையும் அந்த ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க நிதானம் வேண்டும்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சிறு கடைக்காரர், பக்கத்துக் கிராமத்தில் கடை வைத்திருக்கிறார். மூன்று சித்திரையாகப் பழைய நிலுவையை அப்படியே புது நோட்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். எங்களுக்குப் பணம் கட்ட முடியாத நிலை வந்தபோது, அவரும் அவர் மகனும் இரண்டு நாள் உட்கார்ந்து 62 வீட்டுக் கணக்கையும் பார்த்தார்கள். 11 வீட்டுக்காரர்கள் கட்டிய பணம் நோட்டில் கழிக்கப்படாமல் இருந்தது. அவர்களில் இரண்டு பேர் அந்தக் கோபத்தில்தான் வேறு கடைக்குப் போயிருந்தார்கள். நேரில் போய்ச் சொன்னதும் திரும்பி வந்தார்கள். மீதி வீடுகளில் பாதிப்பேர் உளுந்துப் பணம் வந்ததும் கட்டினார்கள். மற்றவர்கள் மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். இதெல்லாம் நல்லபடியாக முடிந்தது.

ஒரே ஒரு கணக்கு மட்டும் முடியவில்லை. ஒரு பெரியவர் பெயரில் ரூ. 8,400 நின்றது. அவர் காலமாகிவிட்டார். "அப்பா கட்டிவிட்டார், நானே உடன் இருந்தேன்" என்கிறார் மகன். நோட்டில் இல்லை. யார் சொல்வது சரி என்று இனி யாராலும் தீர்க்க முடியாது. ஓர் ஆண்டு முன்னால் நோட்டைப் புரட்டியிருந்தால் பெரியவரே நேரில் வந்து சொல்லி முடித்திருப்பார். கடைக்காரர் தொகையைக் கழித்துவிட்டார். ஆனாலும் இரு குடும்பத்துக்கும் இடையே பழைய முகம் இல்லை. "கடன் அன்பை முறிக்கும்" என்று நாம் எழுதித் தொங்கவிடுகிறோம். பார்க்காத கணக்கு அதைவிட மோசமாக முறிக்கும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான் காலம். அந்தக் காலத்துக்குள் பாக்கிக்காரர் தொகையை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையொப்பமிட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு ஓடும். ஆகவே மொத்த வணிகர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் "31.3 அன்று உங்கள் பாக்கி இவ்வளவு" என்று எழுதி, சில்லறை வணிகரிடம் கையொப்பம் வாங்கி வைப்பது இருவருக்கும் நல்லது. இதை அவநம்பிக்கை என்று யாரும் எண்ண வேண்டாம். கையொப்பம் கேட்கும்போதுதான் "அந்த ரூ. 2,000 கழியவில்லையே" என்று அவர் சொல்வார். அதுதான் நமக்கு வேண்டும்.

அதற்கடுத்த 2 நாட்கள்: கொடுக்க வேண்டிய பாக்கி

வர வேண்டியதை மட்டும் பார்ப்பவர் பாதிக் கணக்குப் பார்த்தவரே. நாம் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலையும் தேதி வாரியாக எழுதுங்கள். உள்ளீட்டு வரி எடுத்துக்கொண்ட பில்லுக்கு 180 நாட்களுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்த வரியை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். போன ஆண்டு பில்லில் விட்டுப்போன உள்ளீட்டு வரி இருந்தால், அதிகபட்சம் நவம்பர் 30 வரைதான் அவகாசம். ஏப்ரலிலேயே பார்த்துவிட்டால் நவம்பரில் தேட வேண்டாம்.

தாமதமாகும் என்றால் சப்ளையரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்பதற்கு முன் சொல்கிறவரின் நாணயம் குறையாது. போனை எடுக்காதவரின் நாணயம்தான் குறையும்.

மேலும் 2 நாட்கள்: தராசு, உரிமம், ரிட்டர்ன்

மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வேண்டும். சான்றிதழைக் கண்ணுக்குத் தெரியும்படி மாட்டியிருக்கிறோமா? உரிமங்களில் பெயர், முகவரி, தேதி சரியாக உள்ளனவா? உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில் வரி அரையாண்டு பாக்கி உண்டா? மாதம்தோறும் ரிட்டர்ன் போடுகிறவர்கள் மார்ச் மாத விற்பனை விவரத்தை ஏப்ரல் 11-க்குள் தர வேண்டும். காலாண்டு முறையில் இருப்பவர்களுக்கு 13-ஆம் தேதி. இவ்வேலைகள் எப்படியும் செய்ய வேண்டியவை. கடைசி நாள் இரவில் செய்யாமல் இரண்டு நாள் முன்பே முடித்தால் தவறு குறையும். ஆடிட்டர் ஆபீஸ் தம்பியும் நம்மை வாழ்த்துவார்.

கடைசி 2 நாட்கள்: கடை ஆட்களும் வீடும்

கடையில் வேலை செய்யும் தம்பிகளோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். எந்தச் சரக்கை வாடிக்கையாளர் கேட்டு இல்லையென்று திரும்புகிறார், எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார் என்பது கல்லாவில் இருக்கும் நமக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய முன்பணக் கணக்கையும் அன்றே நேர் செய்யுங்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. நம் கடையில் எத்தனை ஸ்டூல் இருக்கிறது என்பதையும் எண்ணிவிடுங்கள்.

மற்ற நாள் வீட்டுக்கு. நம்மில் பலர் காலை 6 மணிக்குக் கடை திறந்து இரவு 10 மணிக்குப் பூட்டுகிறோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கேட்காமலே கூட வந்து உட்கார்ந்துவிடுகின்றன. ஓர் ஆண்டாகத் தள்ளிப்போட்ட ரத்தப் பரிசோதனையை இந்த வாரத்தில் செய்துகொள்ளுங்கள். வீட்டுச் செலவுக்குக் கடையிலிருந்து எவ்வளவு எடுத்தோம் என்பதை மனைவி மக்களோடு சேர்ந்து கூட்டிப் பாருங்கள். பிள்ளை கடைக்கு வரப் போகிறாரா, வேறு வேலைக்குப் போகிறாரா என்ற பேச்சையும் நிதானமாகப் பேச வேண்டியது அன்றுதான். கல்லா முன்னால் நின்று பேசினால் அது சண்டையில் முடியும்.

"சீசன் போய்விடாதா?"

நண்பர்கள் கேட்கும் கேள்வி இது. பங்குனி, சித்திரையில்தான் புதுப் புளியும் புது மிளகாயும் வருகின்றன. வீட்டுப் பெண்மணிகள் வெயில் காலத்தில் ஆண்டுக்கு வேண்டியதை வாங்கிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். இந்த நேரத்தில் நாம் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் விலை ஏறிவிடாதா?

நியாயமான கேள்வி. அன்றாட விற்பனைக்கும் சித்திரை விற்பனைக்கும் வேண்டிய சரக்கை வாங்கத்தான் வேண்டும். நான் ஒத்திப்போடச் சொல்வது ஆண்டு இருப்புக்காக வாங்கும் பெரிய கொள்முதலை மட்டும்தான். வரத்து ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. 13 நாட்களில் விலை சற்று ஏறினாலும், கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கடையில் ஆண்டு விற்பனை ரூ. 60 லட்சம், அதில் மொத்த லாபம் 6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். லாபம் ரூ. 3,60,000. அந்தக் கடையில் நகராத சரக்கிலும் வராத பாக்கியிலும் ரூ. 5 லட்சம் ஆண்டு முழுவதும் முடங்கிக் கிடக்கிறது. ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்றால் ரூ. 90,000. மொத்த லாபத்தில் கால் பங்கு, யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடுகிறது. மிளகாயில் கிலோவுக்கு 5 ரூபாய் மிச்சம் பிடித்து இதை ஈடுகட்ட எத்தனை மூட்டை விற்க வேண்டும் என்று நீங்களே பாருங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பழமொழி. கிடங்கில் போடுவதற்கும் அது பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரடங்கு வந்த 2020-ல், ஏப்ரல் 14 அன்று சித்திரை பிறந்தது. முதற்கட்ட ஊரடங்கின் கடைசி நாளும் அதுவே. கூட்டம் இல்லாமல், அழைப்பு இல்லாமல், வீட்டுச் சாமி முன்னால் வைத்துப் புதுக் கணக்குப் போட்டோம். வெளியே போக வழியில்லாததால் பழைய பேரேட்டைப் புரட்ட நேரம் கிடைத்தது என்று அன்று சொன்ன வணிகர்கள் உண்டு. அத்தனை பெரிய துன்பம் வந்துதான் அந்த நேரம் கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டுதோறும் நாமே எடுத்துக்கொள்ளலாம்.

சித்திரை 1 அன்று

இவ்வளவும் முடித்த பிறகு சித்திரை 1 வருகிறது. பேரேடு வைத்திருப்பவர்கள் பேரேட்டையும், கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறவர்கள் முதல் தாளை அச்செடுத்தும் பூஜையில் வைக்கலாம். நெல் அளக்கும்போது நம் பெரியவர்கள் முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்பார்கள். அந்த லாபத்தைப் புதுப் பக்கத்தில் எழுதும்போது, கீழே ஏறப்போகும் நிலுவை ஒவ்வொன்றும் பார்த்து, பேசி, ஒப்புக்கொண்ட நிலுவையாக இருக்கும். அதுதான் உண்மையில் புதுக் கணக்கு.

அன்று வாடிக்கையாளர்களுக்கு ஒரு காலண்டரும் கொஞ்சம் கற்கண்டும் கொடுங்கள். பாக்கிக்காரர்களுக்கும் கொடுங்கள். மூன்று வாரத்தில் மே 5, வணிகர் தினம், வந்துவிடும். பிறகு தண்ணீர் திறக்கும் தேதியை எதிர்பார்த்து ஊரே காத்திருக்கும். அதன் பின் ஓட்டம்தான். அந்த ஓட்டத்தில் நாமும் தளராமல் ஓட வேண்டும் என்றால், தொடக்கத்தில் சில சுற்று உழுதுவிட்டு மாட்டை அவிழ்த்துவிடும் பொறுமை வேண்டும்.

நம் ஊர் பெரிய வேகத்தில் வளர்ந்த ஊர் அன்று. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கிச் செல்ல எழுந்த முத்தம்பாள் சத்திரம் இங்கேதான் இருக்கிறது. தங்கி இளைப்பாறிய பயணிகள் மறுநாள் தெளிவாக நடந்து போனார்கள். வரும் ஏப்ரலில் நாமும் 13 நாள் நின்று, பார்த்து, பிறகு நடப்போம்.

வணிகப் பெருமக்கள் அனைவருக்கும் புத்தாண்டு நல்வாழ்த்துகள். கொடுக்கல் வாங்கல் சிறக்கட்டும்.